லூயி அமிலம் இரண்டு மார்க்குக்கு மட்டும்தானா?

"எலக்ட்ரான் இரட்டையை ஏற்பது லூயி அமிலம். இவ்வளவு எழுதினா போதும்னு டியூஷன்ல சொல்லிட்டாங்க சார்" என்றான் எங்கள் தெருப் பையன். முப்பது வருஷம் வேதியியல் வாத்தியாராக இருந்தவன் சொல்கிறேன், போதாது.

1923-ல் ஜி. என். லூயிஸ் என்ற அமெரிக்கர் சொன்ன கருத்து இது. புளிப்புக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அலுமினியம் குளோரைடு போன்றவை எலக்ட்ரானுக்கு ஏங்கி நிற்பவை. பக்கத்து மூலக்கூறில் நைட்ரஜன் இருந்தால் அதன் எலக்ட்ரான் இரட்டையை இழுத்துப் பிடிக்கும். அதனால் பக்கத்துக் கார்பனில் குறை விழும். அந்த இடத்தில் இன்னொரு மூலக்கூறு வந்து ஒட்டும், வளையம் மூடிக்கொள்ளும். கார்பனோடு நைட்ரஜனும் சேர்ந்த இந்த மாதிரி வளையம்தான் பல்லின வளையச் சேர்மம். நாம் விழுங்கும் பிரஷர் மாத்திரை அம்லோடிபினில் அது உண்டு. மலேரியாவுக்குத் தின்ற குளோரோகுயினிலும் உண்டு. (மெட்ஃபார்மினில் வளையமே கிடையாது, சர்க்கரைக்காரர்கள் சண்டைக்கு வரவேண்டாம்.)

பிளஸ் ஒன்னில் பிரிடின் படம் போட்டு 'பல்லின வளையம்' என்கிறோம். லூயி அமிலம் வருவது பிளஸ் டூவில், அயனிச் சமநிலைப் பாடத்தில். முதலாவதைச் செய்ய இரண்டாவது உதவும் என்று எந்த டியூஷனில் சொல்கிறார்கள்?

சொல்ல உதாரணமா இல்லை? சென்னை அடையாறில் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. தோல் ஆபீஸில் மருந்து வளையத்துக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். அங்கே பி. டி. பெருமாளும் ஜி. பாபுவும் இந்தியம் டிரைகுளோரைடு என்ற லூயி அமிலத்தைக் கொண்டு குயினோலின் வகை வளையங்களைக் கட்டினார்கள். ஆனிலினும் ஆல்டிஹைடும் சேர்ந்த இமைன்தான் மூலப்பொருள். அறை வெப்பநிலையிலேயே வேலை முடிந்தது. 1998-ல் 'டெட்ரஹெட்ரான் லெட்டர்ஸ்' இதழில் வந்தது.

இந்தியம் விலை கூடுதல்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வினையூக்கியாகக் கொஞ்சம் போட்டால் போதும். தண்ணீர் பட்டாலும் சமாளிக்கும். அலுமினியம் குளோரைடு பாட்டிலை நம்மூர் கார்த்திகை ஈரத்தில் திறந்து வையுங்கள், புகைந்தே வீணாகும். ஏன் என்று ஒரு பிள்ளை கேட்டால் அதுதான் வேதியியல் வகுப்பு.

"இதெல்லாம் நீட்டுக்கு வராது, நேரமுமில்லை" என்கிறார்கள். ஒரே மாதிரி வினாத்தாளை மூன்றாவது முறை எழுதவைக்க மட்டும் நேரம் எங்கிருந்து வருகிறதாம்?