நில்லா வண்டியும் நீட்டிய கையும்

விரைவை வியந்து பேசுவது மனித இயல்பு. குதிரை விரைந்தபோது வியந்தோம். புகையிரதம் விரைந்தபோது வியந்தோம். இன்று கண்ணுக்குத் தெரியாத அலைகளின் வழியே செய்தி விரையும்போதும் வியக்கின்றோம். ஆனால் விரைந்து செல்வது எதுவாயினும், வழியிலே பல ஊர்களைக் கடந்தே செல்கின்றது. கடந்து செல்லும் வண்டிக்குக் கடக்கப்படும் ஊரின்பால் கடப்பாடு ஏதேனும் உண்டோ? இவ்வினாவை எழுப்புவோர் சிலரே. இதற்கு இரும்பினாலும் வலையினாலும் தோலினாலும் விடை கூறிய பழைய பொறி ஒன்றுண்டு. ஓடுகின்ற புகையிரதம் நில்லாமலே தபாற்பைகளை எடுத்துக்கொள்ளவும் கொடுத்துச் செல்லவும் உதவிய பொறி அது. அதனை முன்வைத்து, நம்மவர் இன்று சிந்திக்கவேண்டிய கருத்தொன்றைக் கூற விழைகின்றேன்.

இங்கிலாந்திலே 1830ஆம் ஆண்டு லிவர்பூல் நகரையும் மான்செஸ்ரர் நகரையும் இணைக்கும் புகையிரதப் பாதை திறக்கப்பட்டது. அவ்வாண்டிலேயே அதன் வழியாகத் தபாலும் செல்லத் தொடங்கியது. 1838இல், ஓடும் பெட்டிக்குள்ளேயே கடிதங்களை ஊர்வாரியாகப் பிரிக்கும் நடமாடும் தபாற்கந்தோர் தோன்றியது. குதிரைகளை ஏற்றுதற்குரிய பெட்டியொன்றே முதலில் அப்பணிக்கெனத் திருத்தியமைக்கப்பட்டது. பெட்டி ஓடும்போதே பிரிக்கும் வேலை நடக்குமாயின், இடைவழி ஊர்களின் தபாலையும் ஓடும்போதே பெறலாகாதா என்ற எண்ணம் உடனே பிறந்தது. புகைவண்டிப் பெட்டிகள் கட்டும் தொழிலினரான நதானியல் வேர்ஸ்டெல் அதே ஆண்டில் ஒரு பொறிக்கு உரிமம் பெற்றார். தபாற் பகுதியினருக்கும் அவருக்கும் விலை இணங்கவில்லை. தபாற் பகுதியைச் சேர்ந்த ஜோன் ராம்சே என்பவர் வேறொரு பொறியை ஆக்கினார். பின்னர் ஜோன் டிக்கர் என்பவர் அதனைத் திருத்திச் செப்பஞ் செய்தார்.

அது இயங்கிய முறை எளிதாயினும் நுட்பமானது. பாதையோரத்திலே ஒரு கம்பம். அதன் கையில், தடித்த தோலுறையிலே கட்டிய தபாற்பை தொங்கும். வண்டிப் பெட்டியின் பக்கத்திலே மடக்கி வைத்த வலையொன்று உண்டு. உரிய இடம் அண்மியதும் பெட்டியினுள் இருக்கும் ஊழியர் அவ்வலையை வெளியே விரிப்பார். வண்டி கடக்கும் அக்கணத்திலே கம்பத்துப் பை அறுபட்டு வலைக்குள் விழும். இறக்கவேண்டிய பையோ, பெட்டியிலிருந்து வெளியே நீளும் இரும்புக் கையிலே தொங்கவிடப்படும். பாதையோரம் கட்டிய மற்றொரு வலை அதனைத் தாங்கிக்கொள்ளும். மணிக்கு 60 மைல் வேகத்திலும் இக்கொடுக்கல் வாங்கல் நடைபெற்றது.

வலையை முந்தி விரித்தால் அது பாலத்திலோ மேடையிலோ மோதும். பிந்தி விரித்தால் பை தவறும். ஆகவே வலை வெளியே நீண்டிருக்கும் நேரமெல்லாம் எச்சரிக்கை மணி ஒலித்துக்கொண்டே இருக்கும். இரவிலே இடத்தை அறிவது எவ்வாறு? பாலத்தைக் கடக்கும்போது மாறும் ஓசையைக் கேட்டும், அதன்பின் தண்டவாள மூட்டுக்களில் எழும் தாளத்தை எண்ணியும் ஊழியர் இடத்தை அறிந்தனர். 1936இல் பிரித்தானியத் தபாற் பகுதியின் திரைப்படப் பிரிவு ஆக்கிய ‘இரவுத் தபால்’ என்னும் படத்திலே இக்காட்சியை இன்றும் காணலாம்.

அமெரிக்காவிலும் இத்தகைய ஏற்பாடு இருந்தது. அங்கே வலைக்குப் பதிலாகப் பெட்டியின் கதவருகே கொக்கி போன்ற இரும்புக் கை பைகளைப் பற்றி எடுத்தது. இறக்கவேண்டிய பையை ஊழியர் வாயிலிலிருந்து வெளியே தள்ளிவிடுவார். சில வேளை அப்பை உருண்டு சில்லுக்குள் அகப்பட, கடிதங்கள் துண்டுதுண்டாகப் பறக்கும். அதனைப் பனிமழை என்று தம்முள் கூறிக்கொள்வராம். எடுப்பதற்கு நுட்பமான பொறி, கொடுப்பதற்குக் காலுதை! பெறுவதிலே காட்டும் கருத்தைத் தருவதிலுங் காட்டவேண்டும் என்பதற்கு இதனினும் நல்ல பாடம் வேறு வேண்டுமோ?

இப்பொறிக்குத் தமிழிலே நிலைபெற்ற பெயரில்லை. காரைதீவிலே பிறந்த விபுலானந்த அடிகள் 1930களிலே சென்னையில் நடந்த கலைச்சொல்லாக்கப் பணியில் முன்னின்றவர். அவர் பிறந்த மண்ணுக்கு அயலிலே வாழும் நாம் ஒரு சொல்லையேனும் ஆக்கிப் பார்ப்பது தகும். ‘பைபறிப்பான்’ எனலாமோ? பறித்தல், கொடுப்போன் மனம் இசையாதபோது நிகழ்வது. ‘பைபிடிப்பான்’ எனலாமோ? பிடித்தல், ஓடுவதை நிற்பது பற்றுவது. இங்கோ நிற்பதை ஓடுவது பற்றுகின்றது. ‘பையேந்தி’ என்பதே பொருந்துமென்பேன். ஏந்துதல் என்பது தன் கையைத் தானே நீட்டி, வருவது கீழே விழாவண்ணம் தாங்குதல். ஊரைக் கடந்தோடும் பேராற்றல் படைத்த விரைவு வண்டி, பெயரும் அறியப்படாத சிற்றூரின் முன்னே கையேந்திச் செல்கின்றது. எளியதன் முன் வலியது கையேந்தும் இக்காட்சியிலேதான் அப்பொறியின் அறம் இருக்கின்றது.

நிற்க. நம் நாட்டை நோக்குவோம். இலங்கையிலே 1832இல் கொழும்புக்கும் கண்டிக்கும் இடையே குதிரை பூட்டிய தபால் வண்டி ஓடியது. 1857இல் தபால் முத்திரை வந்தது. 1864இல் கொழும்பிலிருந்து அம்பேபுசை வரை முதற் புகையிரதம் ஓடியது. கிழக்கே மட்டக்களப்பைத் தண்டவாளம் எட்டியது 1928இல், எட்டியதோடு நின்றுவிட்டது. தெற்கே ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவிலுள்ள கல்முனைக்கு அது வரவில்லை. மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று, பொத்துவில் என நீளும் இக்கரை முழுவதும் புகையிரதம் நில்லாத ஊரன்று. புகையிரதமே காணாத ஊர்.

ஆயினும் தபால் வந்தது. கொழும்பிலே இரவிற் புறப்பட்ட தபால் வண்டியில் மட்டக்களப்பு வரை வந்த பைகள், கல்லடிப் பாலத்தைக் கடந்து தெருவழியே தெற்கு நோக்கி வந்தன. போர்க்காலத்திலே அவ்வண்டியும் பலமுறை தடைப்பட்டது; பைகள் வேறு வழிகளில் வந்தன. மருதமுனை நெசவாளருக்கு வந்த கொள்வனவுக் கடிதமும், 1970களின் இறுதிதொட்டு வளைகுடா நாடுகளிலிருந்து வந்த நீலநிற வான்கடிதமும், மாணாக்கரின் பரீட்சை அனுமதி அட்டையும் இவ்வாறே வந்து சேர்ந்தன. எழுத வாசிக்கத் தெரியாத தாய்க்குத் தபாற்காரரே கடிதத்தைப் படித்துங் காட்டினார். ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை எங்கள் ஊர்களில் அமானிதம் என்பர். தபாற்பையிலே இருந்தது கடிதமன்று, அமானிதம்.

இத்தீவின் ஒற்றைப் பாதைகளிலே பையேந்தியின் உடன்பிறப்பு ஒன்றையும் நாம் அறிவோம். எட்வேட் தயர் 1878இல் ஆக்கிய முறை அது. ‘டப்லெட்’ என வழங்கும் உலோக வில்லை ஒன்று, வளையத்தோடு கூடிய தோற்பையில் இடப்பட்டுச் சாரதியிடம் கொடுக்கப்படும். அவ்வில்லை கையில் இல்லாமல் அடுத்த நிலையத்தை நோக்கி வண்டி செல்லலாகாது. வண்டி நில்லாத நிலையத்திலே, பழைய வளையத்தைப் போட்டுவிட்டுப் புதிய வளையத்தை ஓடும்போதே கையில் மாட்டிக்கொள்வர். பெருநகரை நோக்கி விரையும் வண்டிக்குச் சிற்றூர் நிலையத்து ஊழியர் கொடுக்கும் ஒரு வில்லையே வழிச்சீட்டு! விரைவு, நிற்பவரின் துணையின்றிச் செல்லமுடியாது என்பதனை இம்முறை நாள்தோறும் நினைவூட்டியது.

பையேந்தி இன்று இல்லை. பிரித்தானியாவிலே 1971ஆம் ஆண்டு ஒக்டோபரில் அது இறுதியாக இயங்கியது; அமெரிக்காவிலே ஓடும் தபாற்பெட்டிகளின் பணி 1977இல் முடிந்தது. அது போனதற்கு யான் வருந்தவில்லை. ஆபத்து நிறைந்த பொறி அது. மோட்டார் வண்டியும் வானூர்தியும் அப்பணியைச் செம்மையாகச் செய்தன. ஒரு பொறி போக, அதன் பணியை மற்றொன்று ஏற்றுக்கொண்டது. வருந்தவேண்டுவது, பொறி போனதோடு அதன் கடப்பாடும் போகின்றபோதுதான்.

இன்று அதுவே நிகழ்கின்றது. டென்மார்க்கிலே 1624ஆம் ஆண்டிலிருந்து வழிவழி வந்த அஞ்சற்சேவை 2025ஆம் ஆண்டின் முடிவோடு கடிதப் பகிர்வைக் கைவிட்டது. தெருவோரச் செந்நிறப் பெட்டிகள் அகற்றப்பட்டன. எஞ்சிய கடிதங்கள் தனியார் கைக்குப் போயின. இந்தியாவிலே பதிவுத் தபால் 2025ஆம் ஆண்டில் விரைவுத் தபாலோடு இணைக்கப்பட்டது. நம் நாட்டிலும், கடிதம் குறைந்துவிட்டது, தபாற்கந்தோர் எதற்கு என்று கேட்கும் குரல் உரத்து ஒலிக்கின்றது. கைப்பேசியே தபாலாகிவிட்ட காலத்தில் வேறென்ன வேண்டும் என்பர்.

கைப்பேசியை யான் பழிப்பவனல்லன். அதனால் விளைந்த நன்மை பெரிது. ஆனால் அது ஒரு விரைவு வண்டி. எல்லா ஊரிலும் நிற்பதில்லை. முதியோர் கொடுப்பனவுக்கும் பொதுசன மாதாந்த உதவிப் பணத்துக்கும் உப தபாற்கந்தோரின் படியேறிப் பழகியவர் நம்மிடையே பலர். வாக்காளர் அட்டை தபாற்காரரின் கையாலேயே வீடு வருகின்றது. இத்தகையோரை நோக்கி, விண்ணப்பத்தை இணையத்திலே நிரப்புக என்று கூறிவிட்டு அப்பாற் செல்வது, வலையை விரியாமலே கம்பத்தைக் கடந்து போவதற்கு ஒப்பாகும். பை அங்கே தொங்குகின்றது, எழுதியவர் எழுதிவிட்டார், ஏந்துவாரைத்தான் காணோம். அதிலும் அப்படிவம் தமிழிலே இல்லையாயின், கம்பமே இல்லையென்பதே பொருள்.

செலவு மிகுதி என்பர். பையேந்திக்கும் செலவாயிற்று. சில கடிதங்களே வந்துபோகும் சிற்றூருக்குக் கம்பமும் வலையும் ஏன் நட்டார்கள்? 1840இல் ரோலண்ட் ஹில்லின் முயற்சியால் பிரித்தானியாவிலே கடிதத்துக்குத் தொலைவு கருதாத ஒரே கட்டணம் வந்தது. ஒரு பென்னி முத்திரை ஒட்டியவர் நகரத்தாராயினும் சிற்றூராராயினும் அவர்க்குரிய சேவை ஒன்றே. அருகிலுள்ளார் செலுத்தும் கட்டணம் தொலைவிலுள்ளாரையும் தாங்கிற்று. இவ்வேற்பாட்டுக்குக் கணக்கேட்டிலே நட்டம் என்று பெயர். அறத்திலே பகிர்வு என்று பெயர்.

ஆதலின் யான் வேண்டுவன சில. இந்நாட்டில் 4,000ஐ ஒட்டிய எண்ணிக்கையில் தபாற்கந்தோர்களும் உப தபாற்கந்தோர்களும் உள்ளன. இத்துணைப் பரந்த வலையை வேறெந்தத் திணைக்களமும் விரித்ததில்லை. அவற்றை மூடுதற்கு வழி தேடாது, ஒவ்வொன்றையும் ஒரு பையேந்தியாக ஆக்குக. இணையத்தில் நிரப்பவேண்டிய படிவம் எதுவாயினும், அதனைக் கையால் எழுதிக் கொடுப்பவரிடம் அவருடைய மொழியிலே ஏற்று, உரிய இடத்துக்கு அனுப்பும் ஊழியர் ஒருவர் அங்கே இருத்தல்வேண்டும். விரையவல்லார் விரைக, விரையமாட்டாதாரின் பையும் அதே வண்டியிலே செல்க.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒரு சொல். நம் பாடத்திட்டம் விரைவு வண்டியாகிவிட்டது. பரீட்சை என்னும் இறுதி நிலையத்தை நோக்கி அது ஓடுகின்றது. வகுப்பின் பின்வரிசையிலே, நாம் நில்லாமற் கடந்துபோகும் சிற்றூர்கள் எத்தனை! வண்டியை நிறுத்துதல் நம் கையில் இல்லாதிருக்கலாம்; வலையை விரித்தல் நம் கையிலேதான் உள்ளது. மெல்லக் கற்கும் பிள்ளையும் ஒரு பையைத் தொங்கவிட்டே இருக்கின்றது. அது ஓர் ஐயமாக இருக்கலாம். பிழைபட்ட ஒரு வாக்கியமாகவும் இருக்கலாம். அதனை ஏந்தும் கணம் சிறியது. முந்தினால் பிள்ளை அஞ்சும். பிந்தினால் பை தவறும்.

தூது என்னும் பிரபந்தத்துக்கு அன்னம், மயில், கிளி, மேகம், பூவை, தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு ஆகிய பத்தையும் உரியனவாக நம் முன்னோர் வகுத்தனர். தூது செல்வது எவ்வளவு விரைவாகப் போகும் என்பதோடு அவர்கள் அமையவில்லை. சென்றடைந்தபின் காலமறிந்து, இடமறிந்து, கேட்பார் மனமறிந்து சொல்லவேண்டும் என்பதையும் விரித்துரைத்தனர். செய்தியின் சிறப்பு அது சேர்வதிலே இருக்கின்றது என்பதை நன்குணர்ந்த மரபு நம்முடையது. அம்மரபைப் படிப்பிக்கும் நாம், ஆண்டுக்கு ஒருமுறையேனும் மாணாக்கரைக்கொண்டு உண்மையான முகவரிக்கு உண்மையான கடிதம் ஒன்றைத் தமிழில் எழுதுவித்து, முத்திரை ஒட்டித் தபாலில் இடச்செய்தல் வேண்டும். பரீட்சைத்தாளிலே எழுதும் கடிதம் எவர் வீட்டுக்கும் போவதில்லை.

விரைவு நன்று, ஆயின் ஒரு நாட்டின் விரைவை அளக்கவேண்டிய இடம் அதன் பெருநகர நிலையமன்று. வண்டி நில்லாத ஊரிலே, கம்பத்திலே தொங்கிய பை வலைக்குள் விழுந்ததா, நிலத்தில் விழுந்ததா என்று பார்த்தே அதனை அளத்தல்வேண்டும்.