டயர் செய்யும் ஊருக்குப் பந்தயம் தூரமா?

அரக்கோணம் என்றதும் எல்லோருக்கும் ரயில்தான் நினைவுக்கு வரும். 1856-ம் ஆண்டு ராயபுரத்தில் இருந்து புறப்பட்ட தென்னாட்டின் முதல் ரயில் இந்த ஊர் வழியாகத்தான் வாலாஜா ரோட்டுக்குப் போயிற்று. ஊருக்கு இன்னொரு பெருமையும் உண்டு. அது டயர்!

அரக்கோணத்தை அடுத்த இச்சிபுத்தூரில் எம்.ஆர்.எப். டயர் தொழிற்சாலை இருக்கிறது. 1970-களில் வந்த தொழிற்சாலை இது. தகப்பனார் வேலை பார்த்த இடத்தில் மகனும் வேலை பார்க்கும் குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. ரப்பர் வாசனையும் ஷிப்டு மணியும் அவர்கள் வாழ்க்கையோடு கலந்தவை.

அந்தக் கம்பெனியின் கதை வேடிக்கையானது. 1946-ல் சென்னை திருவொற்றியூரில், குழந்தைகள் விளையாடும் பலூன் செய்யும் கொட்டகையாகத்தான் அது தொடங்கியது. 2022-ம் ஆண்டில் அதே கம்பெனியின் டயரில் ஓடிய ஸ்பெயின் நாட்டு வீரர் எப்ரென் லாரெனா, ஐரோப்பிய ராலிப் பந்தயத்தின் சாம்பியன் ஆனார். பலூன் எங்கே, ஐரோப்பா எங்கே!

டயர் அங்கே போய்விட்டது. டயர் செய்கிறவர் வீட்டுப் பிள்ளை போக முடியுமா? இதுதான் கேள்வி.

கோவைப் பையன்

மோட்டார் பந்தயத்தில் உலகத்தின் உச்சி "பார்முலா ஒன்". அதில் கார் ஓட்டிய முதல் இந்தியர் ஒரு தமிழர். கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன்.

1977-ம் ஆண்டு பொங்கல் நாளில் பிறந்தவர். தகப்பனார் ஜி.ஆர். கார்த்திகேயன் பெயர் பெற்ற ராலி ஓட்டக்காரர். பிள்ளை நடக்கப் பழகியபோதே வீட்டில் கார் பேச்சுத்தான். பதினைந்து வயதில் பிரான்சு நாட்டுப் பந்தயப் பள்ளிக்குப் போனார். 1993-ல் ஸ்ரீபெரும்புதூர்ப் பந்தயத் தடத்தில், மாருதி என்ஜின் பொருத்திய சின்னக் காரில் பந்தயம் ஓடத் தொடங்கினார்.

அந்தச் சின்னக் காரை வடிவமைத்தவரும் கோவைக்காரர்தான். அவர் பெயர் கரிவரதன். சீமையில் இருந்து கார் வாங்க வசதி இல்லாத இளைஞர்களும் ஓட்டட்டும் என்று, உள்ளூர்ச் சாமான்களைக் கொண்டு பந்தயக் கார் செய்தார். 1995-ல் விமான விபத்தில் காலமானார். கோவை செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவரைப் பற்றித் தமிழ்நாடு இன்னும் அதிகமாகப் பேசியிருக்க வேண்டும்.

நரேன் 1994-ல் இங்கிலாந்தில் ஒரு சாம்பியன் பட்டம் வென்றார். 1996-ல் பார்முலா ஆசியா சாம்பியன் ஆனார். 2001 ஜூன் மாதத்தில் இங்கிலாந்தின் சில்வர்ஸ்டோன் தடத்தில் பார்முலா ஒன் காரைச் சோதனைக்காக ஓட்டினார். அந்தக் காரின் ஆசனத்தில் ஓர் இந்தியர் உட்கார்ந்தது அதுவே முதல் தடவை. அதற்குப் பிறகும் நாலு வருடம் காத்திருந்தார். 2005 மார்ச் மாதத்தில் ஆஸ்திரேலியாவில், ஜோர்டான் குழுவின் காரில் முதல் பந்தயம். 15-வதாக வந்து சேர்ந்தார்.

கார் ஓட்டுவது உட்கார்ந்து செய்யும் வேலைதானே என்று சிலர் நினைக்கலாம். வளைவில் திரும்பும்போது தலை நாலைந்து மடங்கு கனக்கும். கழுத்து அதைத் தாங்க வேண்டும். வெப்பமான நாட்டில் ஒரு பந்தயம் முடிவதற்குள் வியர்வையிலேயே உடல் எடை இரண்டு, மூன்று கிலோ குறையும்!

ஆறு கார் ஓடிய நாள்

2005 ஜூன் 19. அமெரிக்காவில் இண்டியானாபோலிஸ் பந்தயம்.

இரண்டு நாளைக்கு முன் நடந்த ஒத்திகையில், ரால்ப் ஷூமாக்கரின் கார் டயர் பழுதாகிச் சுவரில் மோதியது. அது மிஷலின் கம்பெனியின் டயர். சாய்வாகக் கட்டிய அந்தப் பெரிய வளைவை எங்கள் டயர் தாங்கும் என்று உறுதி சொல்ல முடியாது என அந்தக் கம்பெனியே கையை விரித்துவிட்டது. அந்த ஆண்டு விதிப்படி பந்தயத்தின் நடுவே டயர் மாற்றவும் கூடாது. ஒரே ஜோடனை டயர் கடைசி வரை உழைக்க வேண்டும்!

பந்தய நாளன்று இருபது கார்களும் கிளம்பின. ஒரு சுற்று மெதுவாக வந்தன. பிறகு மிஷலின் டயர் போட்ட 14 கார்களும் கொட்டகைக்குத் திரும்பிவிட்டன. காசு கொடுத்து வந்த கூட்டம் கூச்சல் போட்டது. தடத்தில் பாட்டில்கள் வந்து விழுந்தன. மீதம் நின்றவை ஆறே கார்கள். அவை ஜப்பான் நாட்டு பிரிட்ஜ்ஸ்டோன் டயர் போட்டவை. அதில் ஒன்று நரேனுடையது. அவர் நாலாவதாக வந்து 5 புள்ளி பெற்றார்.

"ஓடியதே ஆறு. அதில் நாலாவது வந்தது ஒரு பெருமையா?" என்று அன்று முதல் இன்று வரை கேலி பேசுவோர் உண்டு. அதிர்ஷ்டம் இருந்தது உண்மை. ஆனால் 14 கார்களுக்கு நல்ல டயர் கிடைக்காதது நரேன் செய்த குற்றமா? அவருக்கு முன்னால் போனவை இரண்டு பெராரி கார்கள். மூன்றாவது, அவரைப் போன்ற காரையே ஓட்டிய சக குழுக்காரர். 72 சுற்றையும் ஒரே ஜோடனை டயரில் ஓட்டி, காரை முழுசாகக் கொண்டு வந்து சேர்த்தார் நரேன். டயரின் அருமை தெரிந்த அரக்கோணத்துக்காரர் அதைக் கேலி செய்யமாட்டார்.

கொஞ்சம் வழி விலகி ஒரு செய்தி. பிரிட்ஜ்ஸ்டோன் கம்பெனியை 1931-ல் நிறுவியவர் பெயர் இஷிபாஷி. ஜப்பான் மொழியில் அதற்குக் "கல் பாலம்" என்று பொருள். அதைத்தான் ஆங்கிலத்தில் திருப்பிப் போட்டுக் கம்பெனிக்குப் பெயராக வைத்தார்! அவர் குடும்பத் தொழில் என்ன தெரியுமா? காலணி. துணிக் காலணிக்கு ரப்பர் அடி ஒட்டி விற்றுத்தான் அவர் ரப்பரைக் கற்றார். ஆம்பூரிலும் ராணிப்பேட்டையிலும் செருப்பும் பூட்சும் தைக்கும் குடும்பங்கள் இதை அறிந்தால் மகிழும்.

ஜப்பானில் நரேன்

2011, 2012-ம் ஆண்டுகளில் பின்வரிசைக் குழு ஒன்றில் மறுபடியும் பார்முலா ஒன் ஓட்டினார் நரேன். 2011 அக்டோபரில் டில்லி அருகே நடந்த இந்தியாவின் முதல் பார்முலா ஒன் பந்தயத்திலும் ஓடினார். பிறகு பெரிய வாய்ப்பு இல்லை. வேறொருவராக இருந்தால் மாலை, பட்டம், சொற்பொழிவு என்று உட்கார்ந்திருப்பார். பத்மஸ்ரீ விருதுகூட 2010-லேயே வந்துவிட்டது. நரேனோ 2014-ல் ஜப்பானுக்குப் போய், ஐந்து ஆண்டு அங்குள்ள உயர்ந்த பந்தயத்தில் ஓடினார். 2019 நவம்பரில், பியூஜி மலை அடிவாரத் தடத்தில், ஜெர்மானியரும் ஜப்பானியரும் சேர்ந்து ஓடிய பந்தயத்தில் முதலாவதாக வந்தார். அப்போது அவருக்கு வயது 42! இண்டியானாபோலிஸ் நாலாம் இடத்தைவிட இது எத்தனையோ மடங்கு உயர்வு. ஆனால் தமிழ்நாட்டில் எத்தனை பேர் இதை அறிவார்கள்?

ஜப்பானில் இன்னொரு வினோதமும் உண்டு. கார் நேரே போகாமல், பின் சக்கரங்கள் வழுக்க, புகை பறக்க, வளைவு முழுவதும் பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டே போகும். வண்டி ஒரு பக்கம் இழுக்க, ஓட்டுபவர் ஸ்டியரிங்கை எதிர்ப் பக்கம் திருப்பிப் பிடிப்பார். டிரிப்ட் என்பார்கள். இதில் மன்னர் என்று பெயர் பெற்றவர் கெய்ச்சி சுச்சியா. அவர் பந்தயக் குடும்பத்தில் பிறந்தவர் அல்லர். மலைப்பாதைகளில் இரவில் ஓட்டிப் பழகியவர். அதே மனிதர் 1999-ல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில், இரண்டாம் இடம் பெற்ற டொயோட்டா காரின் மூன்று ஓட்டக்காரர்களில் ஒருவர்.

மலைப்பாதையில் செய்தது சரி என்று யாரும் சொல்லக் கூடாது. ஆனால் ஜப்பானியர் ஒரு புத்திசாலித்தனம் செய்தார்கள். அந்தச் சறுக்கலைத் தடத்துக்குள் கொண்டு வந்து, விதி எழுதி, நடுவர் வைத்து, டிக்கட்டு போட்டு விளையாட்டாக்கிவிட்டார்கள்!

இங்கே என்ன நடக்கிறது?

சென்னை - பெங்களூர் நெடுஞ்சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பார்த்தால் தெரியும். மோட்டார் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு பிள்ளைகள் பறக்கிறார்கள். பின்னால் வருகிறவன் படம் பிடிக்கிறான். தலைக்கவசம் பெட்ரோல் டாங்கியின் மேல் இருக்கிறது! 2022-ம் ஆண்டில் மட்டும் தமிழ்நாட்டில் 64 ஆயிரத்துக்கு மேற்பட்ட சாலை விபத்துகள். இறந்தவர் 17 ஆயிரத்துக்கும் அதிகம். எல்லாம் பந்தயத்தால் வந்தவை அல்ல. ஆனால் இறந்தவர்களில் பெரும் பகுதி இரு சக்கர வண்டிக்காரர்கள்.

போலீஸ் பிடிக்கிறது, அபராதம் போடுகிறது, வண்டியைப் பறிமுதல் செய்கிறது. செய்யட்டும். வேகத்தின் மேல் உள்ள ஆசையை எந்த ஸ்டேஷனில் பூட்டி வைப்பது?

அரக்கோணத்தில் இருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரப் பயணத்தில் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடம் இருக்கிறது. 1990-ல் திறந்தது. 3.7 கிலோமீட்டர் சுற்று. எதிரே லாரி வராது. மாடு குறுக்கே வராது. மாதத்தில் ஒரு நாள், குறைந்த கட்டணத்தில், சாதாரணக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அதைத் திறந்துவிட்டால் என்ன? தலைக்கவசமும் தோல் அங்கியும் வாடகைக்குக் கொடுக்கலாம். அந்தத் தோல் அங்கி தைக்க ஆள் தேடி வெளிநாடு போக வேண்டியதில்லை. ராணிப்பேட்டை பக்கத்திலேயே இருக்கிறது. 2024-ல் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி இரவுப் பந்தயம் நடத்த அரசாங்கம் முன்னே நின்றது. இந்தச் சின்னக் காரியத்துக்கும் முன்னே வரலாம்.

தடத்தில் மட்டும் ஆபத்து இல்லையா என்று தாய்மார்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. 2023-ல் இதே தடத்தில் இரண்டு உயிர்கள் போயின. ஒருவர் 59 வயதுக்காரர், தேர்ந்த ஓட்டக்காரர். மற்றவன் 13 வயதுச் சிறுவன். மோட்டார் சைக்கிள் பந்தயத்தில் போய்விட்டான். 13 வயதுப் பிள்ளையைப் பெரிய வண்டியில் பந்தயத்துக்கு ஏற்றியது எந்த வகையிலும் சரி அல்ல. வயது வரம்பு வேண்டும். டாக்டரும் ஆம்புலன்சும் இல்லாமல் ஒரு சுற்றுக்கூட விடக் கூடாது. பயிற்சிச் சீட்டு வாங்காதவனை வாசலிலேயே நிறுத்த வேண்டும்.

பணக்கார வீட்டுப் பிள்ளைக்குச் சீமையில் பள்ளி இருக்கிறது. 2012 நவம்பரில் பிரேசிலில் நரேன் ஓட்டிய பிறகு, 2025 பருவம் முடிய, பார்முலா ஒன் பந்தயத்தில் எந்த இந்தியரும் ஓடவில்லை. அடுத்தவர் கோவை மில் முதலாளி வீட்டில் இருந்துதான் வர வேண்டுமா? இச்சிபுத்தூரில் இரவு ஷிப்டு முடித்து வரும் தொழிலாளியின் மகனுக்கு டயரின் குணம் பிறந்ததில் இருந்தே தெரியும். அவனுக்குக் கிடைக்காதது தடம் ஒன்றுதான். அதுவும் பக்கத்திலேயே, பூட்டிய கதவுக்குப் பின்னால் இருக்கிறது.