பழைய வண்டியின் பின்கதவு

மோட்டார் வண்டியொன்று பழமை எய்தியவுடன் அதன் உடையவர் முதற்கண் எஞ்சினைக் குறித்துக் கவலையுறுகின்றார். அடுத்து டயர்களை நோக்குகின்றார். பிரேக்கைப் பற்றியும் ஒருவாறு நினைவு கொள்கின்றார். வண்டியின் பின்கதவையோ எவரும் பொருட்படுத்துவதில்லை. அக்கதவின் தகட்டினுள் மறைந்து கிடக்கும் மெல்லிய கேபிள்களைப் பற்றிக் கல்லூரி ஆண்டு மலரில் ஒரு வியாசம் வரைவது சிலர்க்கு நகைப்பை விளைக்கலாம். ஆயினும், அக்கேபிளொன்றை உரிய காலத்தில் மாற்றாமையால் ஓர் ஏழையின் கை முறிந்ததை யான் நேரிற் கண்டவனாதலின், நகைப்புக்கு அஞ்சாது எழுதத் துணிந்தேன்.

எமது ஊர் உத்திரமேரூருக்கு அண்மையிலுள்ளதொரு சிற்றூர். எங்கள் குடும்பத்தில் நெடுநாள் உழைத்த பிக்கப் வண்டியொன்று உண்டு. நவரை அறுவடையில் நெல்மூட்டைகளைக் கொள்முதல் நிலையத்திற்கு ஏற்றிச் செல்வது அதன் வேலை. சில காலமாக அதன் பின்கதவுக் கைப்பிடியை இழுத்தால் வலப்புறத் தாழ்ப்பாள் விடுபடும், இடப்புறத்தது விடுபடாது. கதவைக் குத்தியும் உலுக்கியும் திறந்து வந்தோம். ஒருநாள் இடப்புறக் கேபிள் அறவே அறுந்தது. என் தமையனார் அத்தாழ்ப்பாளைக் கழற்றி எறிந்துவிட்டுக் கதவை நைலான் கயிற்றாற் கட்டி, “அறுவடை முடியட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்றார். யானும் உடன்பட்டேன். அறுவடை முடிந்தது, கயிறு அப்படியே இருந்தது. அடுத்த அறுவடையும் வந்தது. மூட்டைகள் சரிந்து கதவின்மேற் சாய்ந்திருந்ததை ஒருவரும் அறிந்திலோம். இறக்க வந்த முதியவர் ஒருவர் முடிச்சின்மேற் கை வைத்தவுடன், தேய்ந்திருந்த கயிறு தெறித்துக் கதவு மூட்டைகளோடு வீழ்ந்தது. அவர் மணிக்கட்டு முறிந்தது. வைத்தியச் செலவை நாங்கள் ஏற்றோம். இரண்டு திங்கள் கூலியும் கொடுத்தோம். எனினும் அவர் முன்போல் மூட்டை தூக்கக் கண்டிலேன்.

இந்நிகழ்ச்சியினின்று யான் கொண்ட கருத்து இதுவே: பின்கதவைச் செப்பமாக வைத்துக்கொள்வது வண்டிக்காரரின் வசதியைப் பற்றியதன்று, பிறர்க்கு அவர் செலுத்த வேண்டிய கடமையைப் பற்றியது. எஞ்சின் நின்றால் நட்டம் உடையவருக்கு. பின்கதவு வீழ்ந்தாலோ துன்பம் அதன் பின்னே நிற்பவருக்கு. உடையவர் முன்னே அமர்ந்திருக்கின்றார். பின்னே நிற்பவர் பெரும்பாலும் நாட்கூலி பெறும் ஏழை.

இனி, அக்கேபிள்களின் இயல்பைச் சிறிது நோக்குவோம். பிக்கப் வண்டியின் பின்கதவில் இருவகைக் கேபிள்கள் உள. கைப்பிடியினின்று இருபுறத் தாழ்ப்பாள்களுக்கும் சென்று அவற்றை இழுத்து விடுவிப்பது ஒருவகை. சில வண்டிகளில் இவ்வேலையைக் கேபிளுக்குப் பதிலாக இரும்புத் தண்டு செய்யும். திறந்த கதவு தரைநோக்கித் தொங்கிவிடாமல் இருபுறமும் தாங்கி நிற்பது மற்றொருவகை. இதற்குச் சில வண்டிகளிற் சங்கிலி உண்டு. முதல்வகைக் கேபிள், உறையொன்றினுள் எஃகுக் கம்பி இழைகள் ஓடும் அமைப்பினது. 1896-ஆம் ஆண்டில் எர்னஸ்ட் பௌடன் என்பார் காப்புரிமை பெற்ற இவ்வமைப்பே சைக்கிள் பிரேக்கிலும் மோட்டார் சைக்கிள் கிளட்சிலும் இன்றும் வழங்கி வருகின்றது. உறையினுள் நீரும் புழுதியும் புகுந்தால் துரு ஏறும், உராய்வு மிகும், வளையும் இடத்தில் இழைகள் ஒவ்வொன்றாக அறும்.

‘ஒவ்வொன்றாக’ என்பதை ஊன்றி நோக்குக. பண்டு சுரங்கங்களில் வாளிகளை ஏற்றி இறக்கச் சங்கிலிகள் வழங்கின. சங்கிலியில் ஒரு கண்ணி உடைந்தால் முன்னறிவிப்பின்றி யாவும் வீழும். இத்தீங்கை நீக்கவே ஜெர்மனியின் ஹார்ட்ஸ் மலைச் சுரங்கங்களில் வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்பார் 1834-ஆம் ஆண்டில் இரும்புக் கம்பிகளை முறுக்கி வடமாக்கிப் பயன்படுத்தினார். ஓரிழை அறுந்தாலும் மற்றையிழைகள் தாங்கும். அறுந்த இழை காண்போருக்கு எச்சரிக்கையாகும். ஆகவே, கம்பிவடம் தான் அறப்போவதை முன்னரே அறிவிக்கும் இயல்பினது. எங்கள் வண்டியின் கேபிளும் பல திங்கள் அறிவித்தது, கேட்பார்தாம் இலர்.

பெருங்கம்பெனிகளும் இத்தவற்றுக்கு விலக்கல்ல. 2004-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் கம்பெனி, பின்கதவைத் தாங்கும் கேபிள்கள் துருவேறி அறுந்தமையால் சுமார் 40 இலட்சம் பிக்கப் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. துத்தநாகம் பூசிய எஃகுக் கேபிள்களை நீக்கித் துருப்பிடியா எஃகினால் ஆனவற்றைப் பொருத்தியது. பலர் அதற்குள் காயமுற்றிருந்தனர்.

நிற்க. எதனைச் செப்பனிடலாம், எதனை மாற்றியே தீரவேண்டும் என்னும் பகுத்தறிவே இதில் தலையாயது. தாழ்ப்பாள் இறுகியிருந்தால் அதனைக் கழற்றி, மண்ணெண்ணெயால் துருவும் அழுக்கும் போகக் கழுவி, கிரீஸ் இட்டு மீண்டும் பொருத்தலாம். கேபிள் தளர்ந்திருந்தால், அதற்குத் திருகாணி அமைந்துள்ள வண்டிகளில் முடுக்கிக் கொள்ளலாம். இழை அறுந்த கேபிளையோ முடிச்சிடுவதும் பற்றவைப்பதும் தகா. அதனை மாற்றுங்கால் இருபுறத்தையும் ஒருங்கே மாற்றுதல் நலம்; ஒரே வயதும் ஒரே உழைப்பும் உடையவை ஏறத்தாழ ஒரே காலத்தில் முடிவெய்தும். மேலும், தாழ்ப்பாளின் இறுக்கத்தை நீக்காது புதிய கேபிளை மட்டும் பூட்டினால், பழையதைக் கொன்ற காரணமே புதியதையும் கொல்லும். வேலை முடிந்தபின் கதவைத் திறந்து வைத்தே, திருப்புளியால் இரு தாழ்ப்பாள்களையும் பூட்டிய நிலைக்குத் தள்ளிக் கைப்பிடியை இழுத்துப் பார்த்தல் வேண்டும். இரண்டும் ஒருங்கே விடுபட்டாலன்றிக் கதவை அடைக்கலாகாது. அடைத்தபின் சிக்கிக்கொண்டால் உட்புறத் திருகாணிகளை எட்டுதல் அரிது.

“பழைய வண்டிக்கு உதிரிப்பாகம் கிடைப்பதில்லை, கிடைப்பினும் சிறு விவசாயி எவ்வாறு வாங்குவான்?” என்பார் உளர். அவர் கூற்றில் உண்மை உண்டு. எங்கள் பக்கத்துப் பட்டறைகளில் மோட்டார் சைக்கிள் கேபிளை அளந்து வெட்டி, முனை பொருத்திக் கொடுக்கும் கைவல்லோர் இருக்கின்றனர். தாழ்ப்பாளை இழுக்கும் கேபிளுக்கு அஃது ஏற்கத்தக்கதே. அவர் திறனை யான் மதிக்கின்றேன். கதவைத் தாங்கும் கேபிளுக்கோ அது சிறிதும் ஆகாது. அதன்மேல் நிற்பது மனிதரின் எடையும் மூட்டையின் எடையுமாம். சென்னைப் புதுப்பேட்டையில் உடைத்த வண்டிகளின் பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். ஆயினும் பழைய கேபிளை நீக்கி மற்றொரு பழைய கேபிளை இடுதல் நோயை மாற்றிக்கொள்வதேயன்றித் தீர்ப்பதாகாது. சிக்கனம் வேண்டுமாயின் வேறிடத்திற் செய்க. எங்கள் கேபிளின் விலை, அம்முதியவருக்குக் கொடுத்த இரண்டு திங்கட் கூலியில் ஒரு சிறு பகுதியே.

உத்திரமேரூர் என்றவுடன் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுக்களை யாவரும் நினைவு கூர்வர். 919, 921-ஆம் ஆண்டுகளைச் சார்ந்த அச்சாசனங்களைத் தேர்தலுக்காகவே புகழ்கின்றோம். அங்ஙனம் தேர்ந்தெடுக்கப்பட்டோர் செய்த தொழில் யாது என்று வினவுவார் சிலரே. அவருள் ஒரு பகுதியார் ஏரி வாரியத்தார்; ஊரின் ஏரியைக் கண்காணித்தல் அவர் கடமை. 360 நாள் பணியாற்றிய பின்னர் அவர் விலகப் புதியவர் வருவர். ஏரி உடையும்வரை காத்திருந்து பின் கூடிப் பேசுவதன்று அவர் முறை. உடையாதபோதே பார்ப்பதற்கென்று ஆளும் ஆண்டெல்லையும் வகுத்தனர். ஓர் ஏரிக்கு அவ்வூரார் காட்டிய கருத்தில் நூற்றிலொரு பங்கை நம் வண்டியின் பின்கதவுக்கு நாம் காட்டலாகாதா?

மாணவ நண்பர்காள்! உங்களுட் பலர் சிற்றூர்களினின்று வந்தவர். விடுமுறைக்கு வீடு செல்லுங்கால் உங்கள் வண்டியின் பின்கதவை ஒருமுறை திறந்து பாருங்கள். அங்கே ஒரு கயிறு கட்டப்பட்டிருப்பின் அறுவடை முடியட்டும் என்று காத்திராதீர்கள். நாங்கள் அங்ஙனம் காத்திருந்தோம்.