மோரிஸுக்குப் பக்கத்தில் லேலண்டும் நிற்கட்டும்

சென்னை, கோவை போன்ற ஊர்களில் பழைய கார் வைத்திருப்பவர்கள் ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓரிடத்தில் கூடுவது இப்போது பழகிப்போன காட்சி. ஆஸ்டின், மோரிஸ் மைனர், ஸ்டாண்டர்டு ஹெரால்டு எல்லாம் துடைத்து மெருகேற்றி வரிசையாக நிற்கும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு கார்பரேட்டரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசுவார்கள். நல்ல காரியம்தான். அறுபது வயதான எஞ்சினை இன்றும் ஓடும் நிலையில் வைத்திருக்கக் காசு மட்டும் போதாது. பொறுமை வேண்டும், தேர்ந்த மெக்கானிக்கின் கை வேண்டும். ஆனால் அப்படியொரு கூட்டத்தைச் சேலத்திலோ நாமக்கல்லிலோ நடத்தும்போது கார்களை மட்டும் நிறுத்தினால், இந்த மண்ணின் மோட்டார் வரலாற்றில் பெரும்பங்கை வாசலிலேயே விட்டுவிட்டதாக ஆகும். சங்ககிரி, திருச்செங்கோடு, நாமக்கல் பக்கத்துக் குடும்பங்கள் பல, மானாவாரி நிலத்தை நம்பியிருந்த நிலையிலிருந்து மேலேறி வந்தது லாரியில்தான். இங்கே பிரிட்டிஷ் வண்டி என்றால் முதலில் லேலண்ட் லாரி, பிறகுதான் கார்.

கார்க்காரர்கள் லாரியை அந்நியமாக நினைக்கவும் காரணமில்லை. எண்ணூரில் 1948இல் தொடங்கப்பட்ட அசோக் மோட்டார்ஸ் முதலில் செய்ததே ஆஸ்டின் ஏ-40 கார்களைப் பூட்டி விற்கும் வேலை. லாரிக்காக லேலண்டோடு ஒப்பந்தம் ஏற்பட்டது 1950இல். அசோக் லேலண்ட் என்று பெயர் மாறியது 1955இல். லேலண்ட் என்பது இங்கிலாந்தின் லங்காஷயர் வட்டாரத்தில் உள்ள ஒரு சிற்றூர். அந்த ஊர்ப் பெயரைத் தாங்கிய நிறுவனம் 1961இல் ஸ்டாண்டர்டு-டிரையம்பை வாங்கியது. 1968இல் ஆஸ்டினும் மோரிஸும்கூட அதனோடு சேர்ந்து பிரிட்டிஷ் லேலண்ட் ஆயின. வண்டலூர் அருகே தயாரான ஹெரால்டு, மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டின் அச்சில் உத்தரபாராவில் பிறந்து 2014 வரை வந்த அம்பாசடர், எண்ணூர் லாரி மூன்றும் ஒரு வகையில் பங்காளிகள். இரண்டு பங்காளிக்குப் பந்தியில் இலை போட்டு, மூன்றாமவரை வெளியே நிற்க வைப்பது முறையல்ல.

வெளியே நிற்க வைப்பது வெறும் பழக்கம் என்றால் மாற்றிவிடலாம். சட்டமே அப்படி எழுதப்பட்டிருப்பதுதான் சிக்கல். 2021 ஜூலையில் மத்திய அரசு மோட்டார் வாகன விதிகளைத் திருத்திப் பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறையைக் கொண்டுவந்தது. 50 ஆண்டு கடந்த வண்டியை 20,000 ரூபாய் கட்டிப் பதிந்தால், நம்பர் பிளேட்டில் ‘விஏ’ என்ற எழுத்துகளோடு பத்தாண்டுக்கு அனுமதி கிடைக்கும். கண்காட்சி, அணிவகுப்பு, எரிபொருள், பராமரிப்பு போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். வரவேற்கத்தக்க விதி. ஆனால் அது சொந்தப் பயன்பாட்டு இருசக்கர, நான்கு சக்கர வண்டிகளுக்கு மட்டும். அதோடு சேசிஸிலும் பாடியிலும் எஞ்சினிலும் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. வாடகைக்கு லோடு அடித்த லாரி முதல் நிபந்தனையிலேயே அடிபட்டுப் போகிறது. உழைத்துச் சம்பாதித்த ஒரே காரணத்துக்காக ஒரு வண்டி வரலாறு ஆகாமல் போவதை எந்த நியாயத்தில் ஏற்பது?

“லாரியில் அசல் எது, மாற்றியது எது என்று யார் கண்டுபிடிப்பது? பாடி கட்டியது பட்டறைதானே?” என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி, இதைத்தான் நின்று பேச வேண்டும். எண்ணூரிலிருந்து புறப்பட்டது வெறும் சேசிஸ். நான்கு பக்கமும் திறந்து கிடக்க, தற்காலிக இருக்கையில் டிரைவர் முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு ஓட்டிவருவார். அது லாரியானது நாமக்கல் பாடி பில்டிங் பட்டறையில். தச்சர் மரச்சட்டம் இழைத்தார், கொல்லரும் வெல்டரும் இரும்புப் பட்டை இறுக்கினர், டிங்கர் தகடு தட்டினார், குஷன் தைப்பவர் இருக்கை செய்தார், பெயிண்டர் பூவும் மயிலும் எழுதிக் கடைசியில் உரிமையாளரின் குலதெய்வத்தின் பெயரை நெற்றியில் தீட்டினார். அந்த பாடி வண்டியின் அசலில் சேராது என்றால், அரண்மனைகளின் ரோல்ஸ் ராய்ஸ்களும் அசல் ஆகா. இரண்டாம் உலகப் போர் வரை ரோல்ஸ் ராய்ஸ் விற்றதும் சேசிஸ்தான். ஹூப்பர், பார்க்கர் போன்ற லண்டன் பட்டறைகளில்தான் அதற்கு பாடி கட்டினார்கள். இன்று அந்தப் பட்டறைகளின் பெயராலேயே காரின் மதிப்பு கூடுகிறது. ஹூப்பரின் தச்சருக்குக் கிடைக்கும் மரியாதை நாமக்கல் தச்சருக்குக் கிடைக்காததற்குக் கைத்திறனில் உள்ள ஏற்றத்தாழ்வு காரணமாகத் தெரியவில்லை. அந்தக் காரில் ராஜா உட்கார்ந்தார், இந்த லாரியில் கிளீனர் உட்கார்ந்தார் என்பது ஒன்றே காரணம்.

புகை, பாதுகாப்பு என்ற ஆட்சேபம் இதைவிடக் கனமானது. பழைய டீசல் லாரி மூச்சை அடைக்கும் என்பதில் இரண்டு கருத்து இல்லை. அதை மறுபடி லோடு ஏற்ற விடச் சொல்லவும் இல்லை. காருக்கு விதித்த அதே கட்டுப்பாட்டை லாரிக்கும் விதித்தால், ஆண்டில் சில நாள் வெறும் வண்டியாக மைதானத்துக்கு வந்து போகப் போகிறது, அவ்வளவே. வெள்ளைக்காரன் வண்டிக்கு ஏன் விழா என்ற குரலும் எழலாம். லேலண்ட் இங்கே வேர்விட்டது சுதந்திரத்துக்குப் பிறகு. உற்பத்தித் திட்டம் இல்லாமல் வெறுமனே பூட்டி விற்பவர்களுக்கு இடமில்லை என்று 1950களின் தொடக்கத்தில் அரசு கறாராக நின்றபோது ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் கடையைக் கட்டின. இங்கேயே செய்ய ஒப்புக்கொண்டவை தங்கின. அதன் தொடர்ச்சியாகத்தான் சென்னையின் பாடி பகுதியில் வீல்ஸ் இந்தியா, லூகாஸ்-டிவிஎஸ் ஆலைகள் வந்தன. தன் சொந்த நாட்டில் பலமுறை கைமாறித் தேய்ந்துபோன லேலண்ட் என்ற பெயர் இன்று பெரிதாக வாழ்வது தமிழ்நாட்டில். அதை நம்முடையது என்று சொல்ல நமக்கு முழு உரிமை உண்டு.

பிரிட்டிஷார் தங்கள் லாரியை எப்படி நடத்துகிறார்கள் என்றும் பார்க்க வேண்டும். அங்கே பழைய வணிக வாகனங்களுக்கென்று 1958 முதல் தனிச் சங்கம் இருக்கிறது. லண்டனிலிருந்து பிரைட்டன் கடற்கரைக்குப் பழைய கார்கள் ஓடுவதைப் போலவே, 1962 முதல் பழைய லாரிகளும் பஸ்களும் தங்களுக்கான ஒரு நாளில் ஓடுகின்றன. லேலண்ட் ஊரிலேயே 1983 முதல் வணிக வாகன அருங்காட்சியகம் இயங்குகிறது. 40 ஆண்டு கடந்த வண்டிக்குச் சாலை வரியில் சலுகையும் தருகிறார்கள். லாரியால் பெயர் பெற்ற நாமக்கல்லில் அப்படி ஒரு கூடமாவது வேண்டாமா?

அதற்குப் பெரிய கட்டடம் கட்டும்வரை காத்திருக்க முடியாது. கார் ஒரு வீட்டின் ஷெட்டில் தார்ப்பாயின் கீழ் முப்பது வருடம் தூங்கலாம். லாரிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. லைனில் ஓடியது லோக்கலுக்கு வரும், பிறகு தண்ணீர் லாரி, பிறகு செங்கல் சூளை, கடைசியில் கேஸ் கட்டரும் எடைக்கல்லும். அதனால்தான் ஆயிரக்கணக்கில் ஓடியவற்றில் முழு உருவோடு எஞ்சியது சொற்பம். பாடி கட்டும் முறையும் மாறிவிட்டது. மரக் கேபின் போய்விட்டது. 2025 அக்டோபர் முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினுக்கு ஏ.சி. கட்டாயம். டிரைவருக்கு நல்லது, மிகவும் தாமதமாக வந்த நல்லது. ஆனால் பழைய கேபினை மரத்தில் கட்டத் தெரிந்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது. எனவே ‘விஏ’ பதிவில் வணிக வாகனங்களையும் சேர்க்கும்படி தமிழக அரசு மத்திய அரசிடம் கேட்க வேண்டும். பட்டறையில் கட்டிய பாடியையும் அசலாக ஏற்கும்படி விதியைத் திருத்த வேண்டும். சட்டம் மாறும் வரை லாரி உரிமையாளர் சங்கங்கள் தங்கள் பகுதியில் எஞ்சிய பழைய லேலண்டுகளுக்கு ஒரு பட்டியலாவது எடுக்கலாம். பழைய கார்க்காரர்கள் அடுத்த கூட்டத்தை நாமக்கல்லில் வைத்து, மரக் கேபின் கட்டிய தச்சர்களையும் பெயிண்டர்களையும் வரவழைத்து, அவர்கள் வேலை செய்த விதத்தை அவர்கள் வாயாலேயே பதிவு செய்யலாம். இதற்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை.