மதகுச் சாவி யார் கையில்?

ஆற்றுப் பாசனம் அறிந்தவர்களுக்கு நாம் இதை விளக்க வேண்டியதில்லை. தலைமடைக்காரன் பலகையை இறக்கினால் கடைமடைக்காரனின் வயல் வெடிக்கும். தண்ணீருக்கு உள்ள இந்த விதி எரிவாயுவுக்கும் உண்டு. ஐரோப்பாக் கண்டம் பெரும் விலை கொடுத்து அந்தப் பாடத்தைப் படித்திருக்கிறது. அந்த விலையில் ஒரு பங்கை ஆசியாவின் ஏழை நாடுகளும் கட்டியிருக்கின்றன என்பதால், பாடத்தை நாமும் படித்துவைப்பது நல்லது.

2025 ஜனவரி 1. உக்ரேன் மண்ணின் வழியாக மேற்கு நோக்கி ஓடிய ருஷ்ய எரிவாயு அன்று நின்றது. ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்தது; எங்கள் மீது படையெடுத்தவனின் சரக்கை எங்கள் வழியே விடமாட்டோம் என்றது உக்ரேன். அந்த நிலையை யார் குறை கூற முடியும்? ஆனால், குளிரில் நடுங்கியது யார்? மால்டோவாவிலிருந்து பிரிந்து நிற்கும் டிரான்ஸ்னிஸ்டிரியா மக்கள்! வீடுகளில் கணப்பு இல்லை, வெந்நீர் இல்லை. உணவு ஆலைகள் தவிர மற்ற ஆலைகள் மூடப்பட்டன. அவர்கள் ருஷ்யாவை நம்பி நின்றவர்கள். மாற்றுக் குழாய் வழியாக அனுப்பியிருக்கலாம். மால்டோவா கடன் பாக்கி வைத்திருக்கிறது என்று சொல்லி ருஷ்யக் கம்பெனியான காஸ்ப்ரோம் அனுப்பவில்லை. நட்பு வேறு, கல்லாப்பெட்டி வேறு என்பது அன்று அவர்களுக்குத் தெரிந்தது.

ஒரே நுகத்தில் இரு மாடுகள்

அரிசிக்கு ஒரு வியாபாரி இல்லாவிட்டால் மற்றொரு வியாபாரி. கப்பல் துறைமுகத்தை மாற்றிக்கொள்ளும். எரிவாயுக் குழாய் அப்படியல்ல. அது மண்ணுக்குள் பதித்த இரும்பு. ஒரு முனையில் கிணறு, மறு முனையில் அடுப்பும் ஆலையும். இடையிடையே கம்ப்ரசர் நிலையங்கள். அவை உந்தித் தள்ளினால்தான் வாயு நகரும். ஒரு வால்வைத் திருகினால் ஒரு நாடே அணைந்துபோகும். வாங்குபவனுக்கு வேறு வழியில்லை. விற்பவனுக்கும் வேறு சந்தையில்லை. ஒரே நுகத்தில் பூட்டிய மாடுகள்!

இந்த நுகத்தடி சமாதானத்தின் பேரால்தான் பூட்டப்பட்டது. 1970 பிப்ரவரி 1 அன்று எஸ்ஸன் நகரில் மேற்கு ஜெர்மனியும் சோவியத் யூனியனும் ஒப்பந்தம் செய்துகொண்டன. ஜெர்மன் ஆலைகள் குழாய் தரும், ஜெர்மன் வங்கிகள் கடன் தரும், சோவியத் நாடு எரிவாயுவாகத் திருப்பிக் கட்டும். வில்லி பிராண்ட் ஆட்சியின் காலம் அது. 1973-ல் வாயு வந்தது. பனிப்போர்க் காலத்திலும் அது நிற்கவில்லை.

அமெரிக்காவுக்கு இது பொறுக்கவில்லை. போலந்தில் 1981 டிசம்பரில் இராணுவச் சட்டம் வந்ததைக் காரணம் காட்டி, சைபீரியக் குழாய்க்கான கருவிகளுக்கு ரீகன் தடை போட்டார். 1982 ஜூனில் அந்தத் தடையை ஐரோப்பிய ஆலைகள் மீதும் நீட்டினார். ஸ்காட்லாந்தில் கிளைட்பேங்க் நகரின் ஜான் பிரவுன் ஆலை அந்தக் குழாய்க்கு டர்பைன் செய்துகொண்டிருந்தது. தடை நிலைத்தால் தொழிலாளியின் வேலை போகும். ஆனால் அதே ரீகன், அமெரிக்கத் தானியத்தைச் சோவியத்துக்கு விற்பதற்கு இருந்த தடையை 1981 ஏப்ரலிலேயே நீக்கியிருந்தார்! அமெரிக்கப் பண்ணையார் கோதுமை விற்கலாம். ஸ்காட்லாந்துத் தொழிலாளி டர்பைன் செய்யக்கூடாது. இது என்ன நியாயம்? ரீகனின் உற்ற தோழியான தாட்சரே எதிர்த்தார். 1982 நவம்பரில் தடை விலகிற்று. உரெங்கோயிலிருந்து உஷ்கோரோத் வரை சுமார் 4,500 கிலோமீட்டர் குழாய் எழுந்தது.

தரகர் நுழைந்தார்

1991-ல் சோவியத் யூனியன் குலைந்தது. ஒரு நாட்டுக்குள் ஓடிய குழாய் இரு நாடுகளின் வழக்காயிற்று. 2006 ஜனவரியில் விலைத் தகராறு. உக்ரேனுக்கு வாயு நிறுத்தப்பட்டது. தகராறு எப்படித் தீர்ந்தது? இரு அரசுகளுக்கும் நடுவே, சுவிட்சர்லாந்தில் பதிவான ஒரு தரகுக் கம்பெனி வந்து உட்கார்ந்தது! குழாய் மக்களின் உழைப்பு; கிணறு நாட்டின் சொத்து; தரகு மட்டும் தனியாருக்கு! 2009 ஜனவரியில் மீண்டும் சண்டை. ஏறத்தாழ இரு வாரம் குழாய் காய்ந்தது. சண்டையில் சம்பந்தமில்லாத பல்கேரியாவும் ஸ்லோவாகியாவும் நடுக்குளிரில் விறைத்தன.

உக்ரேனைத் தவிர்க்க வேறு வழி கண்டார்கள். பால்டிக் கடலுக்கடியில் 1,224 கிலோமீட்டர் குழாய். 2005 செப்டம்பரில் அதற்கு ஒப்பந்தம் ஆனபோது ஜெர்மன் ஆட்சித் தலைவர் ஷ்ரோடர். பதவியிலிருந்து இறங்கியதும் அவர் ஏறிய நாற்காலி எது தெரியுமா? அதே குழாய்க் கம்பெனியின் பங்குதாரர் குழுத் தலைவர் நாற்காலி! 2011-ல் வாயு ஓடியது. ருஷ்யா நம்மை விட்டு எங்கே போகும் என்றிருந்தனர் ஜெர்மன் முதலாளிகள். ஜெர்மனியின் மிகப் பெரிய எரிவாயுக் கிடங்கான ரேடனைக்கூடக் காஸ்ப்ரோம் கையிலேயே விட்டுவைத்தனர். 2021-ஆம் ஆண்டுக் குளிர்காலம் வந்தபோது அந்தக் கிடங்கு ஏறக்குறைய காலி. மதகின் சாவியும் அவனிடம், களஞ்சியச் சாவியும் அவனிடம்!

2022 பிப்ரவரி 24-ல் ருஷ்யா உக்ரேன் மீது படையெடுத்தது. கடற்குழாயில் ஜூன் மாதம் வாயு குறைந்தது, ஜூலையில் மேலும் குறைந்தது, செப்டம்பர் தொடக்கத்தில் அடியோடு நின்றது. டர்பைன் பழுது, எண்ணெய்க் கசிவு என்று சாக்குகள் வந்தன. செப்டம்பர் 26-ல் கடலுக்கடியில் வெடிகள் வெடித்தன. நான்கு குழாய்களில் மூன்று சிதறின. ஸ்வீடனும் டென்மார்க்கும் குற்றவாளி இன்னார் என்று சொல்லாமலே 2024 பிப்ரவரியில் விசாரணையை முடித்துக்கொண்டன. ஜெர்மன் வழக்குத்துறை உக்ரேனியர் சிலரைக் குற்றம் சாட்டுகிறது. உக்ரேன் அரசு தனக்குத் தொடர்பில்லை என்கிறது.

எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்

2021 தொடக்கத்தில் ஐரோப்பியச் சந்தையில் ஒரு மெகாவாட்-மணி அளவு எரிவாயு 20 யூரோ அளவில் விற்றது. 2022 ஆகஸ்டில் அது 300 யூரோவைத் தாண்டியது! கெமிக்கல் முதலாளியான பி.ஏ.எஸ்.எப். 2023 பிப்ரவரியில் 2,600 வேலைகளைக் குறைப்பதாக அறிவித்தது. எரிசக்தி விலையும் ஒரு காரணம் என்றது. போரை அறிவித்தவன் வீட்டில் அடுப்பு அணையவில்லை. வேலை இழந்தவன் எந்த ஒப்பந்தத்திலும் கையெழுத்துப் போட்டவனல்ல.

காலியான சந்தையில் அமெரிக்க வியாபாரி கடை விரித்தார். எரிவாயுவை மைனஸ் 162 டிகிரிக்குக் குளிர்வித்துத் திரவமாக்கிக் கப்பலில் கொண்டுவந்தார். 2023-ல் ஐரோப்பிய ஒன்றியம் வாங்கிய திரவ வாயுவில் சுமார் பாதி அமெரிக்கச் சரக்கு. ரீகன் தடை போட்டு முடிக்காத காரியத்தைப் புடினின் போர் முடித்துக்கொடுத்தது!

அந்தக் கப்பல்கள் யார் வாசலைத் தாண்டிப் போயின? பணக்கார ஐரோப்பா கூடுதல் விலை கொடுத்தது. சரக்கு அங்கே ஓடிற்று. 2022 ஜூலையில் பாகிஸ்தான் டெண்டர் விட்டது, விற்க ஒருவர்கூட வரவில்லை. வங்கதேசம் அன்றாடச் சந்தையில் வாங்குவதையே நிறுத்தி, முறை வைத்து மின்சாரத்தை வெட்டியது. இந்தியாவின் கெயில் நிறுவனத்துக்கு நீண்டகால ஒப்பந்தப்படி வரவேண்டிய சரக்கும் அவ்வாண்டு வராமல் நின்றது. பால்டிக் கடல் மதகு மூடினால் டாக்காவில் விளக்கு அணைகிறது!

ருஷ்யாவுக்கு மட்டும் உரிய நோயா இது? அல்ல. மொராக்கோவுடன் பகை மூண்டதும் அல்ஜீரியா, அந்நாட்டின் வழியாக ஸ்பெயினுக்குச் சென்ற குழாயை 2021 அக்டோபர் இறுதியில் மூடிற்று. ஈரானிலிருந்து பாகிஸ்தான் வழியாக இந்தியாவுக்கு வரவிருந்த ‘சமாதானக் குழாய்’ என்னவாயிற்று? இந்தியா விலகியது, அமெரிக்கத் தடைக்கு அஞ்சிப் பாகிஸ்தான் தன் பகுதியைக் கட்டாமல் விட்டது.

அப்படியானால் குழாயே வேண்டாமா? அது நம் வாதமல்ல. குழாய் பதித்தவன் தொழிலாளி. அதனால் எரியும் அடுப்பும் தொழிலாளியுடையது. நாம் கேட்பது கணக்கு. விலை என்ன, எத்தனை ஆண்டு என்பதை மக்கள் மன்றத்தில் வை. ஒரே வாய்க்காலை நம்பாதே. சேமிப்புக் கிடங்கை விற்பவன் கையில் கொடுக்காதே. பதவியில் ஒப்பந்தம் செய்தவன் அந்தக் கம்பெனியில் நாற்காலி ஏறுவதைத் தடை செய்.

பொதுவுடைமை என்றாலே முகம் சுளித்த ஜெர்மனி, 2022 இறுதியில் தன் மிகப் பெரிய எரிவாயு இறக்குமதிக் கம்பெனியான யூனிப்பரை நாட்டுடைமையாக்கியது. நட்டம் வந்தபின் மக்களின் சொத்தாகிறது. லாபம் வந்த நாளில் ஏன் ஆகக்கூடாது? இந்தக் கேள்வியை ஆலை வாசலிலும் தேநீர்க் கடையிலும் கேளுங்கள், தோழர்களே! மதகுச் சாவி மக்கள் கைக்கு வரும்வரை கேட்டுக்கொண்டே இருப்போம்.