லேடி டாக்டர் இல்லையா? சீட்டோடு திரும்பும் பெண்கள். வாய் திறக்காத ஆண்கள்!

அரசு ஆஸ்பத்திரிகளில் ஓ.பி. சீட்டு போடும் இடத்தில் அடிக்கடி காதில் விழும் கேள்வி, "லேடி டாக்டர் இருக்காங்களா?" என்பதுதான். "இன்னிக்கு இல்லம்மா" என்று பதில் வந்தால், சீட்டை மடித்துக்கொண்டு வீட்டுக்கே திரும்பி விடும் பெண்களும் உண்டு.

காய்ச்சல், சளிக்கு யாரும் ஆணா, பெண்ணா என்று பார்ப்பதில்லை. வெள்ளைப்படுதல், மார்பில் கட்டி, கர்ப்பப்பை கோளாறு என்றால்தான் கூச்சம். இப்படி தள்ளிப் போடும் மாதங்களில் கட்டி சும்மா இருக்குமா? வளர்ந்து விடுகிறது.

இந்த கூச்சம் உயிரை பறித்த கதை நம்ம ஊரிலேயே உண்டு. 1890-களில் திண்டிவனத்தில் ஒரே ராத்திரியில் 3 பேர், மனைவிக்கு பிரசவ வலி என்று ஒரு டாக்டரின் வீட்டு கதவை தட்டினர். அவர்கள் கூப்பிட்டது டாக்டரை அல்ல, மகள் ஐடாவை. அவரோ அப்போது டாக்டருக்கு படிக்கவில்லை. "அப்பா வருவார்" என்றதும், ஆண் டாக்டர் வேண்டாம் என்று மூவரும் போய் விட்டனர். விடிவதற்குள் 3 பெண்களும் இறந்து போனார்கள்.

அந்த ஐடா ஸ்கடர்தான் அமெரிக்காவில் டாக்டருக்கு படித்து 1900-ல் திரும்பி வந்து, வேலூர் சி.எம்.சி.யை உருவாக்கியவர். 1918-ல் பெண்களுக்கு மட்டும் என்று அவர் தொடங்கிய மருத்துவ பள்ளியில், ஆண்களுக்கு இடம் கிடைத்தது 1947-ல்தான்.

இன்று பெண் டாக்டர்களுக்கு பஞ்சமில்லை. ஆனால் ராத்திரி டியூட்டியில் யார் இருக்கிறாரோ, அவர்தான் பார்ப்பார். "எனக்கு லேடி டாக்டர்தான் வேணும்" என்று அடம் பிடிக்க முடியாது. ரத்தப்போக்கு, வலிப்பு என்று வந்து விட்டால் அடம் பிடிக்கவும் கூடாது.

அதற்காக பேசாமல் படுத்துக்கொள்ள வேண்டும் என்பதில்லை. தேசிய மனித உரிமை ஆணையம் 2018-ல் தயாரித்த நோயாளிகள் உரிமை சாசனம், பெண்ணை ஆண் டாக்டர் பரிசோதிக்கும்போது கூடவே இன்னொரு பெண் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு ஆள் ஏற்பாடு செய்வது ஆஸ்பத்திரியின் பொறுப்பு. "ஒரு நர்சம்மா கூட இருக்கட்டும் சார்" என்று கேட்டால் போதும். மறுத்தால் ஆர்.எம்.ஓ.விடம் சொல்லலாம். பாதி பேருக்கு இது தெரியாது. தெரிந்தவர்களும் டாக்டர் கோபப்படுவாரோ என்று கேட்பதில்லை.

பாலியல் கொடுமைக்கு ஆளான சிறுமி என்றால் சட்டமே கறார். போக்சோ சட்டப்படி பெண் டாக்டர்தான் மருத்துவ பரிசோதனை செய்ய வேண்டும்.

கர்ப்பப்பை வாய் புற்றுநோய் பரிசோதனைக்கு பயப்படுகிறவர்களுக்கு ஒரு தகவல். ஆரம்ப சுகாதார நிலையங்களில் இதை பெரும்பாலும் நர்சுகளே செய்கிறார்கள். சில நிமிட வேலைதான்.

சரி, ஆம்பளைக்கு கூச்சம் கிடையாதா? விரைவீக்கத்தை வருஷக்கணக்கில் லுங்கிக்குள் மறைத்து, நடக்க முடியாமல் போன பிறகு வருகிறவர்கள் உண்டு. மூலமும் அப்படித்தான். உள்ளே பெண் டாக்டர் இருப்பதை பார்த்து விட்டு "வயித்து வலி" என்று பொய் சொல்லி, மாத்திரை வாங்கிக்கொண்டு வருகிறவர்களும் இருக்கிறார்கள். யூரின் டியூப் போடும்போது சுற்றி திரை இழுக்க சொல்லக்கூட வாய் வராது.

கூட ஒரு ஆண் இருக்க வேண்டும் என்று சாசனத்தில் அவர்களுக்கு தனி வரி கிடையாது. அந்தரங்கத்துக்கான உரிமை மட்டும் எல்லோருக்கும் பொது. திரையை இழுக்க சொல்லலாம், ஆண் ஊழியர் இருந்தால் கூப்பிட சொல்லலாம். அதையும் நோயாளிதான் கேட்க வேண்டியிருக்கிறது.