சிங்கையில் ஒரு நாகூர்

அம்பத்தூர், ஆவடி, பூவிருந்தவல்லி வட்டாரங்களிலிருந்து சிங்கப்பூர் சுற்றுலா சென்று மீள்வோர் பெருகி வருகின்றனர். கண்டது யாதென வினவினால், சிங்கமீன் சிலை, செந்தோசாத் தீவு, முஸ்தபா கடை என மொழிவர். (கோடாலித் தைலமின்றி அப்பயணம் நிறைவுறாது போலும்!)

இவற்றை நாம் பழிக்கவில்லை. ஆயினும் தெலுக் ஆயர் தெருவைக் காணாது திரும்புவது தமிழர்க்குப் பேரிழப்பு என்போம். வானளாவிய கட்டடங்களிடையே இன்று ஒடுங்கிக் கிடக்கும் அத்தெரு, கடலைத் தூர்ப்பதற்கு முன் கரையாகவே இருந்தது. சோழமண்டலக் கரையினின்றும் பாய்மரக் கப்பலேறிச் சென்ற சூலியா முஸ்லிம்கள், நாகூர் ஆண்டகையின் நினைவாக 1828-30இல் அங்கே தர்கா எழுப்பினர். அதே தெருவில் அல்-அப்ரார் பள்ளிவாசல். 1827இல் குடிசையாகத் தொடங்கியமையால் அதற்குக் 'குச்சுப் பள்ளி' என்றே பெயர். இரண்டுக்கும் நடுவே சீனர்தம் தியான் ஹொக் கெங் கோயில்! சவுத் பிரிட்ஜ் சாலையிலோ சூலியாப் பள்ளியும் மாரியம்மன் கோயிலும் அண்டை வீட்டாராய் நிற்கின்றன.

தர்கா 1974இல் தேசிய நினைவுச் சின்னமாயிற்று. 2011 முதல் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக விளங்குகிறது. 1887இல் மகுதூம் சாயிபு 'சிங்கை நேசன்' இதழைத் தொடங்கியதும் இந்நகரிலேதான். தமிழ் பயில்வோர் இதனை அறியாதிருத்தல் தகுமோ?

நம் இல்லங்களில் 'சபராளி' என்னும் சொல் இன்றும் வழங்குகிறது. அச்சொல்லின் பொருளை அகராதியில் தேடும் மாணவர், அத்தர்காவின் வாயிலில் சிறிது நேரம் நிற்பாராக. தெலுக் ஆயர் ரயில் நிலையத்திலிருந்து நடந்தே செல்லலாம். ஒரு முற்பகல் போதும்.